புது ஆபீஸ் டி டிரைவில் ஏறுமா? சி-யில் இடமே இல்லை

கூட்டல்கழித்தல்:

வணக்கம். கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஜிஎஸ்டி, வருமான வரி, டாலி, நாள் முழுக்க இவைதான். டெஸ்க்டாப் பழசு, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10. முதலில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தது. அப்புறம் வேகம் வேண்டும் என்று 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸை அதில் ஏற்றிக் கொடுத்தார்கள், அதுதான் இப்போது சி. பழைய ஹார்ட் டிஸ்க் டி ஆகிவிட்டது, அதில் 600 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது.

இத்தனை நாள் ஆபீஸ் 2010 வைத்துத்தான் ஓட்டினேன். அதை நிறுவும்போதே எந்த டிரைவில் வேண்டும் என்று கேட்டது, டி என்று கொடுத்தேன், ஒரு பிரச்சினையும் இல்லை. டாலியும் அப்படித்தான் கேட்டுவிட்டு டி-யில் உட்கார்ந்தது. இப்போது ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் 2024 காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். செட்டப்பைத் தட்டினால் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக சி-க்குப் போகிறது, கொஞ்ச நேரம் ஓடிவிட்டு இடம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. சி-யில் மிச்சம் இருப்பது 3 ஜிபிதான்.

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் புதிய ஆப்களை எங்கே சேமிப்பது என்று ஒரு இடம் இருக்கிறதே, அதை டி என்று மாற்றிப் பார்த்தேன், ஆபீஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு வழி இருக்கிறதா? புது எஸ்எஸ்டி வாங்கச் சொல்லாதீர்கள், ஆபீஸுக்குக் கொடுத்த காசே இன்னும் வலிக்கிறது. இன்னொன்று, 120 என்று சொல்லித்தான் வாங்கினேன், கம்ப்யூட்டர் 111 தான் காட்டுகிறது, இது சரிதானா?

ஓட்டைஃப்ளாப்பி:

கடைசிக் கேள்விக்கு முதலில். சரிதான். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி 120 என்று போடுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக வகுத்து 111 என்று காட்டுகிறது. யாரும் ஏமாற்றவில்லை.

இனி ஆபீஸ். முறைப்படி டி-யில் போட வழி கிடையாது. 2010-இல் உங்களுக்குக் கிடைத்தது எம்எஸ்ஐ வகை செட்டப், அதாவது விண்டோஸின் பழைய பாணி நிறுவல் முறை. அதில் கஸ்டமைஸ் பட்டனைத் தட்டினால் எந்த ஃபோல்டர் என்று கேட்கும், எந்தெந்தப் பகுதி வேண்டும் என்றும் கேட்கும். இப்போது வருவதெல்லாம் கிளிக் டு ரன். இது ஆப்-வி என்ற தொழில்நுட்பத்தின் வழியில் வந்தது, 2006-இல் சாஃப்ட்ரிசிட்டி என்ற நிறுவனத்தை வாங்கியபோது மைக்ரோசாஃப்டுக்குக் கிடைத்தது. மென்பொருளை ஒரு மூடிய பொட்டலமாக வைத்துக்கொண்டு, இணையத்திலிருந்து பகுதி பகுதியாக இறக்கி, அப்டேட்டும் தானாகவே செய்துகொள்ளும் ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால் ஆபீஸ் 2010-இலேயே சில பதிப்புகள் இப்படி வந்தன, அவை க்யூ என்று ஒரு பொய் டிரைவை உருவாக்கி அதிலிருந்து ஓடும். திடீரென்று க்யூ டிரைவ் எங்கிருந்து வந்தது, வைரஸா என்று அந்தக் காலத்தில் பதறியவர்கள் பலர். 2013 பதிப்போடு க்யூ போய்விட்டது, சி-யில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நேராக உட்கார ஆரம்பித்தது, இடம் கேட்கும் வழக்கமும் அத்தோடு முடிந்தது.

நீங்கள் ஸ்டோரேஜ் பக்கத்தில் மாற்றியது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறங்கும் ஆப்களுக்கு மட்டும். இந்த செட்டப் அதைப் பார்க்காது.

நிறுவனங்களில் ஆபீஸ் டிப்ளாய்மென்ட் டூல் என்று ஒன்று பயன்படுத்துவார்கள், கான்ஃபிகரேஷன் ஃபைல் எழுதி ஓட்டுவது. அதில் சோர்ஸ் பாத் என்று ஒரு வரி வரும், அதில் டி என்று எழுதினால் டி-யில் நிறுவும் என்று பாதி இணையம் சொல்கிறது. தவறு. செட்டப் கோப்புகளை எங்கே இறக்கி வைப்பது, எங்கிருந்து எடுப்பது என்பதற்குத்தான் அந்த வரி. நிறுவுவது அப்போதும் சி-யில்தான். அந்த டூலில் உங்களுக்கு உருப்படியான பயன் ஒன்றுதான், வேண்டாத ஆப்களை விலக்கலாம். ஆனால் உங்கள் பதிப்பில் இருப்பதே வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட், ஒன்நோட், அவுட்லுக். இதில் எதை விலக்கி எவ்வளவு மிச்சப்படுத்துவது?

ஷார்ட்கட்சாமி:

இவ்வளவு பேச்சு எதற்கு. விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரிஜிஸ்ட்ரி எடிட்டர் திறந்து, லோக்கல் மெஷினுக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன் வரைக்கும் போங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் டிர் என்று இருப்பதில் சி-யை டி ஆக்கிவிட்டு செட்டப் ஓட்டுங்கள். முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஓட்டைஃப்ளாப்பி:

கூட்டல்கழித்தல், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த மதிப்பு ஆபீஸுக்கு மட்டும் சொந்தமில்லை, கம்ப்யூட்டரில் உள்ள எல்லா மென்பொருளும் புரோகிராம் ஃபைல்ஸ் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் அது. அதை மாற்றுவதற்கு ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. மாற்றி வைத்திருக்கும் நேரத்தில் பின்னணியில் வேறு ஏதாவது அப்டேட் ஓடினால் அதன் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் போகும். திரும்ப சி ஆக்கினால், டி-யில் உட்கார்ந்த ஆபீஸுக்கு அடுத்த அப்டேட் எங்கே போகும் என்பது அடுத்த தலைவலி. கணக்கு வேலை செய்கிற கம்ப்யூட்டரில் விளையாடுகிற விளையாட்டு இல்லை இது.

ஷார்ட்கட்சாமி:

எனக்கு ஓடுகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

இரும்புக்கடை:

டி-யில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ரிஜிஸ்ட்ரியை விட ஜங்ஷன் நல்லது. சி-யில் ஒரு ஃபோல்டர் இருப்பது போலத் தெரியும், உள்ளே எழுதுவதெல்லாம் டி-யில் போய் உட்காரும், செட்டப்புக்கும் வேர்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இப்படி ஓடுகிற கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இதுவும் அதிகாரபூர்வமான வழி இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் டி-யில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் என்று காலி ஃபோல்டர் ஒன்று. டி என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையில் இருக்க வேண்டும், டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிறுவப்போவது 64 பிட் என்றால் சி-யில் புரோகிராம் ஃபைல்ஸ், 32 பிட் என்றால் பின்னால் எக்ஸ்86 என்று அடைப்புக்குறியில் போட்டிருக்கும் இன்னொரு புரோகிராம் ஃபைல்ஸ். எது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் என்று ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். பாதியில் நின்ற செட்டப் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கும், அது இருந்தால் ஜங்ஷன் உருவாகாது, பெயரை மாற்றி வையுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எம்கேலிங்க் கட்டளை, ஒரு இடைவெளி, ஸ்லாஷ் ஜே, இடைவெளி, மேற்கோளுக்குள் சி-யில் உள்ள முழுப் பாதை, இடைவெளி, மேற்கோளுக்குள் டி-யில் உள்ள பாதை. ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சி முதலில், டி பிறகு, இதைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று வருபவர்கள்தான் அதிகம். பவர்ஷெல்லில் அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும், காரணம் எம்கேலிங்க் கமாண்ட் பிராம்ப்டுக்கு உள்ளேயே இருக்கிற கட்டளை. பழைய கறுப்பு ஜன்னல்தான் வேண்டும்.

இதில் உள்ள வில்லங்கங்களையும் சொல்லிவிடுகிறேன். கிளிக் டு ரன்னின் எஞ்சின் சி-யில் காமன் ஃபைல்ஸுக்குள் இருக்கும், அது எப்படியும் அங்கேதான். ஆன்லைன் ரிப்பேர் கொடுத்தால் அது ஆபீஸை முழுக்கக் கழற்றி மறுபடி ஏற்றுகிற வேலை, அப்போது ஜங்ஷன் போய்விடலாம், போனால் ஆபீஸ் திரும்ப சி-யில் ஏறப் பார்க்கும். டி டிரைவின் எழுத்து மாறினாலோ கேபிள் கழன்றாலோ ஆபீஸ் மொத்தமும் காணாமல் போகும்.

இன்னொன்றை யாருமே சொல்வதில்லை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் எதையும் மாற்ற முடியாது, விண்டோஸ் அப்படிப் பூட்டி வைத்திருக்கிறது. டி-யில் நீங்களாக உருவாக்கும் ஃபோல்டரில் அந்தப் பூட்டு இருக்காது, லாகின் செய்த யாரும் கோப்பை மாற்றலாம் என்றுதான் வழக்கமாக வரும். செக்யூரிட்டி டேபில் போய் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு இருக்கும் மாடிஃபை உரிமையை எடுத்துவிட்டு, படிக்கவும் ஓட்டவும் மட்டும் விடுங்கள். கடையில் வேறு பையன்களும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள் என்றால் இது கட்டாயம்.

பச்சைக்கொடி:

லிப்ரே ஆபீஸ் போடுங்கள். இலவசம், கஸ்டம் என்று தேர்ந்தெடுத்தால் எந்த டிரைவ் என்று கேட்கும், டி கொடுத்தால் டி-யில் போகும், ஒன்றரை ஜிபிக்குள் முடிந்துவிடும். தமிழ் மெனுவே உண்டு. தமிழில் கடிதம் அடிப்பீர்கள் என்றால் ஒன்று மட்டும் கவனியுங்கள், ஆப்ஷன்ஸில் லாங்வேஜ் பகுதியில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை ஆன் செய்து தமிழ் எழுத்துருவை அங்கே தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்கும். வாங்கிய ஆபீஸைத் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள்.

கூட்டல்கழித்தல்:

பச்சைக்கொடி, கடிதம் அடிக்க மட்டும் என்றால் நாளைக்கே மாறிவிடுவேன். என் பிரச்சினை வேறு. வருமான வரியின் எக்ஸெல் யூட்டிலிட்டி, ஜிஎஸ்டியின் வருடாந்தரப் படிவங்களான ஜிஎஸ்டிஆர் 9, 9சி ஆஃப்லைன் கோப்புகள், இவையெல்லாம் எக்ஸெலுக்குள் ஓடும் மேக்ரோ நிரல்கள் வைத்து எழுதியவை, மைக்ரோசாஃப்ட் எக்ஸெலை எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். வேலிடேட் பட்டனைத் தட்டினால் வேலை நடக்க வேண்டும், வரித் தளத்தில் ஏற்ற வேண்டிய ஜேசான் கோப்பு வெளியே வர வேண்டும், கடைசித் தேதியன்று ராத்திரி அது வரவில்லை என்றால் அபராதம் கட்டுவது என் கட்சிக்காரர். அதனால்தான் எக்ஸெலை விட முடியாது.

இரும்புக்கடை, நன்றி, படித்தாலே பயமாக இருக்கிறது, ஆனாலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை உட்காரட்டுமா?

மூன்றாம்மாடி:

உட்காராதீர்கள். எல்லோரும் ஆபீஸை எப்படி நகர்த்துவது என்றே பேசுகிறோம், சி-யில் என்ன இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை.

ஆபீஸ் 2024-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கிற இடம் 4 ஜிபி. உங்கள் சி 111 ஜிபி. டாலி டி-யில், பழைய ஆபீஸும் டி-யில். அப்படியென்றால் 108 ஜிபியை யார் சாப்பிட்டது? விண்டோஸ் அப்டேட்டுகளோடு சேர்த்தாலும் முப்பது, நாற்பது ஜிபிக்கு மேல் போகாது. மிச்சம் உங்கள் கோப்புகள்தான், அல்லது எங்கோ குவிந்த குப்பை. இந்த 4 ஜிபியை ஜங்ஷன் போட்டு டி-க்குத் தள்ளினாலும் அதே 3 ஜிபிதான் சி-யில் மிஞ்சும், அடுத்து ஏதாவது அப்டேட் வந்து இடமில்லை என்று நிற்கும், அப்போது எதை நகர்த்துவீர்கள்?

இன்னொரு விஷயம். டி உங்கள் பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். வேகம் வேண்டும் என்றுதான் எஸ்எஸ்டி வாங்கினீர்கள். தினமும் திறக்கிற எக்ஸெலை எடுத்து மெதுவான டிஸ்கில் வைத்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை தொடுகிற கோப்புகளை எஸ்எஸ்டியில் வைத்திருப்பது தலைகீழ் ஏற்பாடு. நிரல் சி-யில் இருக்கட்டும், சரக்கு டி-க்குப் போகட்டும்.

விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட், இரண்டில் ஒன்றை இறக்கி சி-யை ஸ்கேன் செய்யுங்கள், இரண்டும் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் சின்ன மென்பொருள்தான். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் எல்லா ஃபோல்டரும் தெரியும். முதல் பத்துப் பெரிய கோப்பு, ஃபோல்டர் எவை என்று இங்கே எழுதுங்கள். எதையும் அழிக்காதீர்கள், பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

கூட்டல்கழித்தல்:

பார்த்தேன். எனக்கே வாய் பிளந்துவிட்டது.

டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் என் மெயிலெல்லாம் இருக்கிற ஒரே ஒரு பிஎஸ்டி கோப்பு, 17 ஜிபி. டவுன்லோட்ஸ் 14 ஜிபி, முக்கால்வாசி ஸ்கேன் செய்த பில்லும் வங்கி ஸ்டேட்மென்ட்டும். சி-யின் மேல் மட்டத்தில் ஹைபர்ஃபில் டாட் சிஸ் என்று 6.4 ஜிபி, பேஜ்ஃபைல் என்று 5 ஜிபி. ஆப்டேட்டாவுக்குள் டெம்ப் 4 ஜிபி. அப்புறம் என் பையன் போட்ட ஏதோ விளையாட்டு, 19 ஜிபி, அது இருப்பதே எனக்குத் தெரியாது. மீதி விண்டோஸ், இன்னும் சின்னச் சின்னதாக நிறைய.

விளையாட்டை அவனைக் கேட்டுத்தான் அழிக்க வேண்டும், பரீட்சை முடிந்ததும் பேசிக்கொள்கிறேன். மற்றதில் எதைத் தொடலாம்?

மூன்றாம்மாடி:

விளையாட்டை அழிக்கவே வேண்டாம், டி-க்கு நகர்த்தச் சொல்லுங்கள், பெரும்பாலான கேம் லாஞ்சர்களில் அதற்கே ஒரு மெனு இருக்கிறது. வீட்டில் சண்டை வராது.

ஹைபர்ஃபில் என்பது ஹைபர்னேட் செய்யும்போது ராமில் உள்ளதை எழுதி வைக்க விண்டோஸ் ஒதுக்கி வைக்கும் கோப்பு, ராமில் சுமார் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும், உங்கள் 16-க்கு 6.4 சரியாக இருக்கிறது. அதைக் கையால் அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் ஹெச், இடைவெளி, ஆஃப் என்று கொடுத்தால் கோப்பு தானாக மறைந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போகும், எஸ்எஸ்டியில் அது போனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் யூபிஎஸ் யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு பேசுகிற வகையா? கரண்ட் போனால் தானாக ஹைபர்னேட் ஆகும்படி அதில் வைத்திருந்தால் அதை ஷட்டவுன் என்று மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

பேஜ்ஃபைல் என்பது ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு, அதை விட்டுவிடுங்கள். டி-க்கு மாற்றலாம் என்று சொல்வார்கள், மாற்றினால் ராம் நிரம்பும் நேரத்தில் கம்ப்யூட்டர் தள்ளாடும்.

டெம்ப்பை டிஸ்க் கிளீனப் பார்த்துக்கொள்ளும். அதில் கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற பட்டனைத் தட்டினால்தான் விண்டோஸ் அப்டேட் விட்டுச் சென்றவையும் பட்டியலில் வரும், அது இல்லாமல் செய்தால் பாதி வேலைதான். பட்டியலில் டவுன்லோட்ஸும் வந்தால் அதில் டிக் போட்டுவிடாதீர்கள், பில்லெல்லாம் போய்விடும்.

டவுன்லோட்ஸை நகர்த்த, ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், லொகேஷன் டேப், மூவ். இங்கே கவனம், வெறும் டி டிரைவைத் தேர்ந்தெடுக்காதீர்கள், டி-க்குள் டவுன்லோட்ஸ் என்று ஃபோல்டர் உருவாக்கி அதைக் கொடுங்கள். டிரைவையே கொடுத்தால் டி முழுக்க டவுன்லோட்ஸ் என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும், திரும்ப எடுப்பது பெரிய பாடு.

பிஎஸ்டி பற்றி யாராவது அவுட்லுக் தெரிந்தவர் சொல்லட்டும், நான் பிரவுசரிலேயே மெயில் பார்க்கிற ஆள்.

தபால்பெட்டி:

நான் சொல்கிறேன். கூட்டல்கழித்தல், முதலில் ஒரு கேள்வி, உங்கள் மெயில் பாப் கணக்கா ஐமேப் கணக்கா? ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ் போனால் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

கூட்டல்கழித்தல்:

பாப் என்று இருக்கிறது. கணக்கை அமைத்துக் கொடுத்தது வேறொருவர், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

தபால்பெட்டி:

அப்படியானால் நிதானமாகப் படியுங்கள். பாப் என்றால் சர்வரிலிருந்து மெயிலை இறக்கி இந்தப் பிஎஸ்டிக்குள் வைக்கும், சில நாள் கழித்து சர்வரில் உள்ளதை அழித்துவிடும்படி அமைப்பதும் வழக்கம். அதாவது உங்கள் பழைய மெயில்களுக்கு இந்த 17 ஜிபி கோப்பு ஒன்றுதான் ஆதாரமாக இருக்கக்கூடும். நகர்த்துவதற்கு முன் ஒரு நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள், அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும். டி பழைய டிஸ்க் என்கிறீர்கள், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு ஆரோக்கியம் எப்படி என்று பாருங்கள், மஞ்சளோ சிவப்போ காட்டினால் அதில் எதையும் வைக்காதீர்கள். ஆபீஸ் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், கட்சிக்காரர்கள் நாலு வருடம் முன்னால் அனுப்பிய மெயிலை எங்கே போய் இறக்குவது?

நகர்த்துவது சுலபம். அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை டி-யில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். திரும்பத் திறந்தால் கோப்பைக் காணோம் என்று கத்தும், ஓகே கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்கள், அவ்வளவுதான். கன்ட்ரோல் பேனலில் மெயில் என்ற ஐகானில் டேட்டா ஃபைல்ஸ் வழியாகவும் செய்யலாம். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள். அது அந்தக் கோப்பை ஏற்றிக்கொண்டே இருக்கும், அவுட்லுக் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் கோப்பு கெட்டுப்போகும். உங்கள் டாக்குமென்ட்ஸ் ஏற்கெனவே ஒன்டிரைவுக்குள் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் பேக்கப் வேண்டுமா என்று கேட்கும்போது சரி என்று தட்டியிருந்தால் போயிருக்கும்.

17 ஜிபியும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் தேடல் மெதுவாகும். அப்படி ஆனால் இரண்டாகப் பிரியுங்கள். டி-யில் பழையது என்று புது அவுட்லுக் டேட்டா ஃபைல் உருவாக்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய மெயிலையெல்லாம் அதற்கு இழுத்துவிட்டு, நடப்புக் கோப்பைத் திரும்ப சி-க்குக் கொண்டுவரலாம். ஆனால் மெயிலை வெளியே எடுத்தாலும் பிஎஸ்டி உடனே சுருங்காது, டேட்டா ஃபைல் செட்டிங்ஸில் காம்பாக்ட் நவ் கொடுத்துச் சுருக்கிவிடுங்கள், ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

பழைய 2010-ஐ எடுத்துவிட்டே 2024-ஐ நிறுவுங்கள், இரண்டு அவுட்லுக் ஒரே கம்ப்யூட்டரில் ஒத்துப்போகாது. 2010-ஐ எடுத்தால் பிஎஸ்டி அழியாது, பயப்பட வேண்டாம். 2010-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 அக்டோபரிலேயே நின்றுவிட்டது, வரிக் கணக்கு வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் அது இத்தனை நாள் இருந்ததே அதிகம்.

சின்னத்திரை:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தொல்லை, ஆனால் என்னுடையது 32 ஜிபி மட்டுமே உள்ள சின்ன லேப்டாப். 128 ஜிபி மெமரி கார்டு போட்டிருக்கிறேன். ஜங்ஷன் போட்டு ஆபீஸைக் கார்டுக்கு அனுப்பலாமா?

இரும்புக்கடை:

வேண்டாம். கார்டு பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறையில் இருக்கும், இதற்கு என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்ய வேண்டும், செய்தாலும் லேப்டாப் தூங்கி எழும்போது கார்டைக் கண்டுபிடிக்கத் தாமதமானால் ஆபீஸ் திறந்தபடியே உறைந்துவிடும். உங்களுக்கு எக்ஸெல் மேக்ரோ ஏதும் வேண்டாம் என்றால் பிரவுசரிலேயே இலவசமாகக் கிடைக்கும் வேர்டும் எக்ஸெலும் போதும், இடமே எடுக்காது. இல்லை என்றால் மேலே பச்சைக்கொடி சொன்ன லிப்ரே ஆபீஸ், அதற்கு போர்ட்டபிள் வடிவமும் உண்டு, கார்டிலிருந்தே ஓட்டலாம், மெதுவாக இருக்கும் என்பதோடு சரி.

ஷார்ட்கட்சாமி:

கூட்டல்கழித்தலுக்கு இன்னொரு வழி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யைச் சுருக்கி அந்த இடத்தை சி-யோடு சேர்த்துவிடலாமே?

மூன்றாம்மாடி:

அவருடைய சி ஒரு டிஸ்க், டி வேறு டிஸ்க், சேராது. ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல யோசனைதான், ஆனால் சி-க்கு ஒட்டிய வலப்பக்கத்தில் இடம் காலியாக இருந்தால்தான் எக்ஸ்டென்ட் வால்யூம் வேலை செய்யும். டி-யைச் சுருக்கினால் அதன் வால் பக்கத்தில்தான் காலி இடம் வரும், நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் வேறு உட்கார்ந்திருக்கும், அதனால்தான் அந்த மெனு பலருக்கும் மங்கிப்போய்த் தெரிகிறது.

கூட்டல்கழித்தல்:

முடிந்தது. வெளி டிஸ்கில் நகல் எடுத்தேன், டி-யின் ஆரோக்கியம் குட் என்று நீலமாகக் காட்டியது. பிஎஸ்டியும் டவுன்லோட்ஸும் டி-க்குப் போயாயிற்று, ஹைபர்னேட் ஆஃப், டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்ஸோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் வந்தது. சி-யில் இப்போது 45 ஜிபிக்கு மேல் காலி, விளையாட்டைத் தொடாமலே. 2010-ஐ எடுத்துவிட்டு 2024-ஐ செட்டப் போன போக்கிலேயே விட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் ஏறிவிட்டது. வருமான வரி யூட்டிலிட்டி வேலிடேட் ஆகி ஜேசான் வருகிறது, எனக்கு வேண்டியது அதுதான். தபால்பெட்டி சொன்னது போலத் தேடல் மெதுவாகத்தான் இருக்கிறது, பிஎஸ்டியை இந்த வாரக் கடைசியில் பிரிக்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். மறைந்த கோப்புகளைக் காட்டு என்று வைத்துப் பார்த்தபோது டி-யில் எம்எஸ்ஓகேஷ் என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தது, சில நூறு எம்பி. அழிக்கலாமா?

ஓட்டைஃப்ளாப்பி:

அது 2010-இன் செட்டப் தன் நிறுவல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த இடம், பழைய எம்எஸ்ஐ ஆபீஸுக்கு மட்டுமே தேவை. அதே காலத்து விசியோ, புராஜெக்ட் போன்றவை ஏதும் இன்னும் நிறுவியபடி இருக்கிறதா என்று கன்ட்ரோல் பேனலில் பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள், ரிப்பேரும் அப்டேட்டும் அந்த ஃபோல்டரைத் தேடி வரும். இல்லையென்றால் தாராளமாக அழியுங்கள்.